எத்தனை ஓட்டை சார் போடுவீங்க?

எங்கள் வீட்டு பாத்ரூம் சுவரில் ஆறு ஓட்டை போட நான் செலவழித்த தொகையில் ஒரு புது பாத்ரூமே கட்டியிருக்கலாம் என்கிறாள் என் மனைவி. வழக்கம்போல் மிகைப்படுத்துகிறாள். கதவு மட்டும் போட்டிருக்கலாம்.

விஷயம் 2024 ஆடி மாதம் ஆரம்பித்தது. அப்பா பாத்ரூமில் விழுந்துவிட்டார். 'விழுந்தார்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார். அவர் பாஷையில், "கால் கொஞ்சம் நகர்ந்துச்சு." நகர்ந்த கால் பத்து நாள் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வயது 74. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஒரு இரும்புத் தகட்டை விரலால் தடவியே இத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவார். இப்போது கை லேசாக நடுங்குகிறது. அவருக்கு காபி டம்ளரை முக்கால் அளவுக்குத்தான் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இந்தத் தடவை தப்பிச்சார். பாத்ரூம்ல பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க ஒரு கம்பி போட்டுடுங்க. அடுத்த தடவை இடுப்பு எலும்பு" என்றார். பஸ்ஸில் 'அடுத்த ஸ்டாப்பிங் குரோம்பேட்டை' என்று சொல்வது போல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்பாவிடம் கம்பி விஷயத்தைச் சொன்னேன்.

"கம்பி எதுக்குடா? நான் என்ன 21ஜி பஸ்லயா குளிக்கறேன்?"

அவர் அப்படித்தான் சொல்வார். நாம்தான் போட வேண்டும். பிளம்பரைக் கூப்பிட்டேன். "ரெண்டு பக்கம் ஸ்க்ரூவா? இதுக்குன்னு வர முடியாது சார். இன்னும் நாலு வேலை சேர்த்து வைங்க" என்றார். இன்னும் நாலு குழாயை நானே உடைத்து வைத்தால்தான் வருவார் போலிருந்தது. நடுவில் ஹவுஸ் ஓனர் வேறு. கீழ் வீட்டில் இருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு பாராவே உண்டு. காலண்டரைக்கூட நாங்கள் பீரோ மேல் சாய்த்துத்தான் வைத்திருக்கிறோம்.

இந்தச் சூழ்நிலையில்தான் செல்போனில் அந்த ஆடித் தள்ளுபடி விளம்பரம் வந்தது.

கம்பியில்லா டிரில் மெஷின்! 48 வோல்ட்! இரண்டு பேட்டரி! கூடவே 24 உதிரி பாகங்கள்! தூக்கிக்கொண்டு போக சூட்கேஸ்! விலை 1,899 ரூபாய்!

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் நண்பரிடம் காட்டினேன். அவர் பெரிய கம்பெனி மெஷின் வைத்திருக்கிறார். ஏழாயிரமோ எட்டாயிரமோ கொடுத்தாராம்.

"உங்களது எத்தனை வோல்ட்?"

"18."

எனக்கு அவர் மேல் உண்மையிலேயே பரிதாபம் வந்தது. 48 பெரிதா 18 பெரிதா? ஒண்ணாம் கிளாஸ் கணக்கு. அன்று மதியமே ஆர்டர் போட்டேன்.

சனிக்கிழமை பார்சல் வந்தது. ஒன்றரை அடி நீளத்தில் ஒரு எவர்சில்வர் கைப்பிடியும் வாங்கி வந்திருந்தேன். ஒவ்வொரு முனையிலும் மூன்று ஸ்க்ரூ, ஆக மொத்தம் ஆறு ஓட்டை. ஹவுஸ் ஓனர் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து பாத்ரூமுக்குள் நுழைந்தேன். மெஷினைக் கையில் பிடித்து டிரிக்கரை அழுத்தியதும் 'ர்ர்ர்' என்றது பாருங்கள், ஒவ்வொரு ஆண்மகனுக்கும் உள்ளே ஒரு எம்.ஜி.ஆர். இருக்கிறார். துப்பாக்கி மாதிரி நாலு திசையிலும் காட்டிப் பார்த்தேன். மெஷின் கழுத்தில் 1 முதல் 18 வரை நம்பர் போட்ட ஒரு வளையம் இருந்தது. மிக்ஸி மாதிரி ஸ்பீடு போலிருக்கிறது என்று 18-ல் வைத்தேன். (அது ஸ்பீடு இல்லை. பிறகு வருகிறேன்.)

டைல்ஸ் மேல் பிட்டை வைத்து அழுத்தினேன். அது உள்ளே போவதற்குப் பதில் டைல்ஸ் மேலேயே ஒரு சறுக்கு விளையாட்டு நடத்தி, எட்டு அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்தது. இரண்டாவது தடவை 'டிக்' என்று ஒரு சத்தம். டைல்ஸில் சிலந்திவலை மாதிரி ஒரு விரிசல். மூன்றாவது தடவை வெற்றி. இடது பக்கம் மூன்று ஓட்டையும் முக்கால் மணி நேரத்தில் முடிந்தன. வலது பக்கம் போனேன். ஒரு சென்டிமீட்டர் உள்ளே போன பிட், 'இதற்கு மேல் என் எல்லை இல்லை' என்று நின்றுவிட்டது. வளையம் 'டகடகடக' என்று சுற்றியது. அழுத்தினேன். முழங்காலை எதிர்ச்சுவரில் முட்டுக்கொடுத்து அழுத்தினேன். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை. பிட் நுனி நீலமாகி இருந்தது. முதல் பேட்டரி உயிரை விட்டது. இரண்டாவது அதைவிட வேகமாக விட்டது.

இதற்குள் என் உடம்பு ஆடிய ஆட்டத்தில் ஓட்டை ஆழத்துக்குப் பதில் அகலமாக வளர்ந்து ஒரு குட்டிக் கிணறாகி இருந்தது. பிளாஸ்டிக் பிளக்கைப் போட்டால் தொளதொள என்று ஆடியது. தமிழன் இதற்கெல்லாம் அசருவானா? பூஜை அறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்து, நாலு தீக்குச்சியைச் சொருகி, ஸ்க்ரூவை முடுக்கினேன். பார்ப்பதற்கு கைப்பிடி ஜம்மென்று இருந்தது. ஐந்து நட்சத்திர ஹோட்டல் தோற்றுவிடும்.

அப்பாவைக் கூப்பிடுவதற்கு முன், நாமே ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது. அப்பா 68 கிலோ. நான் 82. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழு எடையையும் கொடுத்துச் சாய்ந்தேன்.

கைப்பிடி என் கையிலேயே இருந்தது. சுவர்தான் தூரமாகப் போய்விட்டது. நான் தண்ணீர் பக்கெட்டில் உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த என் மனைவி முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம். நான் போய் அப்பாவைத்தான் கூப்பிடுவதாக இருந்தேன். கம்பி இல்லாத சுவராக இருந்தால் அவர் ஜாக்கிரதையாக, குழாயைப் பிடித்து, கதவைப் பிடித்து, மெதுவாக எழுந்திருப்பார். கம்பி இருக்கிறது, பையன் போட்டது என்று நம்பிவிட்டால் 68 கிலோவையும் அதன் மேல் கொடுத்துவிடுவார். அதாவது, நான் போட்டிருந்தது கைப்பிடி அல்ல. பொறி.

அப்பா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கீழே கிடந்த பிட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நுனியைப் பார்த்தார்.

"இது இரும்புக்குப் போடற பிட்டு. சுவருக்குப் போடறதுன்னா நுனியில டங்ஸ்டன் கார்பைடு ஒரு சின்ன தகடா வச்சிருப்பான். அம்பு மாதிரி அகலமா தெரியும்."

பிறகு சுவரை முட்டியால் தட்டினார். இடது பக்கம் 'டொக்'. வலது பக்கம் 'டிக்'.

"இது செங்கல். இது பில்லர். உள்ள ஜல்லியும் கம்பியும் இருக்கு. சுவர் என்னன்னு பாக்காம மெஷினை வாங்கிட்டியேடா."

அடுத்து நான் சற்றும் எதிர்பாராத காரியம் செய்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து தன் டிரங்குப் பெட்டியை இழுத்து, மல்டிமீட்டரை எடுத்தார். சார்ஜ் ஏற்றிய என் 48 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்தார்.

20.6.

"மீதி 27 வோல்ட் எங்கடா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். பெட்டியை மறுபடி பார்த்தேன். 48-க்குப் பக்கத்தில் 'வி.எஃப்.' என்று போட்டிருந்தது. வி என்றால் வோல்ட். எஃப் என்றால்? 'ஃபிராடு' என்பது என் மனைவியின் கணிப்பு. இந்த எஃப்பை ஒட்டவைத்து 88, 128 என்றெல்லாம்கூட மெஷின்கள் விற்கின்றன. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சமாசாரம்தான்.

ஆபீஸ் போகும் சகோதரர்களே, இந்த ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடையில் ஏமாற மாட்டீர்கள். இந்த பேட்டரிகளுக்குள் விரல் தடிமனில் லித்தியம் அயான் செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறியதும் 4.2. ஐந்து செல் இருந்தால் 18 வோல்ட். ஏற்றிய கையோடு அளந்தால் 21. ஆகவே 18 என்று ஒருத்தர் எழுதுவதும், அமெரிக்காவில் '20 மேக்ஸ்' என்று எழுதுவதும், இன்னொருத்தர் 21 என்று எழுதுவதும் ஒரே ஐந்து செல்தான். பெண்ணின் வயதை ஜாதகத்தில், ஸ்கூல் சர்டிபிகேட்டில், பெண் பார்க்கும்போது என்று மூன்று விதமாகச் சொல்வதில்லையா, அதுபோல. 12 வோல்ட் என்று விற்பது மூன்று செல். சராசரியில் அது 10.8.

வோல்ட் மட்டும் பார்த்தாலும் போதாது. பக்கத்தில் ஆம்பியர்-அவர் என்று ஒரு நம்பர் இருக்கும். இரண்டையும் பெருக்கினால்தான் பேட்டரிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36 வாட்-அவர். இதே 36-ஐ ஒயர் வைத்த 600 வாட் டிரில் முழு மூச்சாக இழுத்தால் மூணரை நிமிஷத்தில் காலி. பில்லரோடு மல்லுக்கட்டிய என் பேட்டரிகள் ஏன் அப்படிப் பொசுக்கென்று போயின என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனேன். அப்பாவும் வருகிறேன் என்றார். கால் வலியோடு எதற்கு என்றேன். "சும்மா பாத்துட்டு வரலாம்னுதான்" என்றார். அந்தத் தெருவில் நுழைந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று குசலம் விசாரிக்கிறார், மனிதர்களை அல்ல, கட்டிங் பிளேயர்களை.

ஒரு பழைய கடை. கல்லாவில் வெள்ளைத் தாடிப் பெரியவர்.

"நல்ல பேட்டரி டிரில் ஒண்ணு காட்டுங்க" என்றேன்.

அவர் எதையும் எடுத்துக் காட்டவில்லை.

"என்ன சுவர்?"

"பாதி செங்கல், பாதி பில்லர்."

"வருஷத்துக்கு எத்தனை ஓட்டை சார் போடுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. கணக்குப் போட்டேன். கைப்பிடிக்கு ஆறு. கர்ட்டன் ராடுக்கு நாலு. அதுவும் ஹவுஸ் ஓனர் ஊருக்குப் போனால்.

"பத்து."

"பத்து ஓட்டைக்கு பேட்டரி மெஷினா? ஒரு ஓட்டை ஆயிரம் ரூபாய் ஆகும் சார். பேட்டரியை சும்மா வச்சிருந்தாலும் அதுக்கு வயசாகும். தினம் ஏணி ஏறுற எலக்ட்ரீஷியனுக்கு அது சரி. கரன்ட் வராத புது கட்டடத்துல வேலை செய்யறவங்களுக்கு அது சரி. உங்களுக்கு ஒயர் வச்சது போதும்."

பிறகு மூன்று மெஷின்களை வரிசையாக வைத்து ஒரு பாடம் எடுத்தார். ஒன்று சாதா டிரில். சுற்றும், அவ்வளவுதான். மரத்துக்கும் இரும்புக்கும் உதவும். இரண்டாவது ஹாமர் டிரில். உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று தாவித் தாவி ஓடுவதால், சுற்றும்போதே பிட் டகடகவென்று இடிக்கும். செங்கல் சுவருக்கு இதுதான். ஆனால் நாம்தான் பின்னாலிருந்து தள்ள வேண்டும். மூன்றாவது ரோட்டரி ஹாமர். இதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்த வேகத்தில் பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கிறது. உரலில் உலக்கை விழுகிற மாதிரி. தள்ளவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். பில்லருக்கு இதை விட்டால் கதியில்லை. இதன் பிட்டுகளே தனி. வாலில் காடி வெட்டியிருக்கும், சாதா டிரில்லில் மாட்டாது.

"அப்ப இந்த 'இம்பாக்ட் டிரைவர்'னு ஒண்ணு...?" என்று குட்டையாக இருந்த ஒன்றைக் காட்டினேன்.

"அது ஸ்க்ரூ முடுக்கறதுக்கு. அடிக்கும், ஆனா சுத்தற பக்கமா அடிக்கும். பேரைப் பார்த்து சுவருக்குன்னு நெனச்சு நிறைய பேர் வாங்கிட்டுப் போய் திரும்ப வராங்க."

அப்பா நடுவில் புகுந்தார். "பாத்ரூம். ஈரம். ஒயர் மெஷின் எப்படி?"

பெரியவர் முதல் முறையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அங்கே தேவைப்படவில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் காய வைப்பது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை பாத்ரூமுக்கு வெளியே வைப்பது, மெயின் போர்டில் ஈ.எல்.சி.பி. வேலை செய்கிறதா என்று அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது என்று அவர்களே பேசி முடித்தார்கள். ரோட்டரி ஹாமர் வாங்க வேண்டாம், ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும் என்று சொன்னவரும் அந்தக் கடைக்காரர்தான். விற்க வந்த பொருளை வேண்டாம் என்கிற கடைக்காரரை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஹாமர் வைத்த ஒயர் டிரில் ஒன்று 2,700 சொச்சம். நல்ல கார்பைடு பிட்டுகள், நைலான் பிளக்குகள் தனி.

பேட்டரி பற்றி ஒரே ஒரு வார்த்தை. நம் அக்கவுண்ட்ஸ் நண்பர், அவர் 18 வோல்ட்டைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, ஒரு சோகக் கதை சொன்னார். டிரில் ஒரு கம்பெனி. தீபாவளி ஆஃபரில் வாங்கிய மரம் அறுக்கும் மெஷின் இன்னொரு கம்பெனி. காற்றடிக்கும் புளோயர் மூன்றாவது. எல்லாமே 18 வோல்ட். ஒன்றின் பேட்டரி மற்றதில் உட்காராது. வீட்டில் மூன்று கலரில் மூன்று சார்ஜர். பேட்டரி வாங்குவதும் கல்யாணமும் ஒன்று. பெண்ணை மட்டும் கட்டிக்கொள்கிறோம் என்று நினைப்போம், முழுக் குடும்பத்தோடும்தான் வாழ வேண்டும். ஒரே கம்பெனியில் நின்றிருந்தால் அடுத்தடுத்த மெஷின்களை பேட்டரி இல்லாமல் வெறும் உடம்பாகப் பாதி விலைக்குக்கிட்ட வாங்கியிருக்கலாம் என்று புலம்பினார். முதல் மெஷின் வாங்குவதற்கு முன்பே, ஐந்து வருஷத்தில் வேறு என்னென்ன வாங்குவோம் என்று யோசிக்கச் சொன்னார். ஐந்து வருஷத்தில் ஆபீஸே இருக்குமா என்று தெரியாத நமக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சொல்லிவைத்தேன்.

பஸ்ஸில் வரும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே அப்பாவுக்குச் செய்தி வாசித்தேன். ஒயர் இல்லாத டிரில்லை பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1961-ல் கொண்டுவந்தது. அப்போது நிக்கல் காட்மியம் பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரியை சோனி 1991-ல் விற்பனைக்கு விட்டது. அதற்கு வழிபோட்ட மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் நோபல் பரிசு. அதில் ஜான் குட்இனஃப் என்பவருக்குப் பரிசு கிடைத்தபோது வயது 97!

"97-ஆ?" என்றார் அப்பா. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் வீட்டு பாத்ரூம்ல கம்பி இருந்திருக்கும்."

நான் செல்போனை பாக்கெட்டில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. சனி இரவு முதல் யாரும் குளிக்கக் கூடாது என்று வீட்டில் 144 தடை உத்தரவு. ஃபேனை பாத்ரூம் வாசலில் வைத்துத் தரையைக் காய வைத்தோம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். முதலில் அவரை உள்ளே நிறுத்தி, எழுந்திருக்கும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று பார்த்துக் கோடு போட்டோம். பழைய ஓட்டைகள் அதற்கு ஒரு சாண் கீழே இருந்தன. நான் என் உயரத்துக்கு, என் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறேன்!

"டேப் ஒட்டு. டைல்ஸ் மேல பிட்டு வழுக்காது."

ஒட்டினேன்.

"ஹாமரை ஆஃப் பண்ணு. டைல்ஸ் தாண்டற வரைக்கும் வெறுமனே சுத்தட்டும். மெதுவா. அவசரப்படாதே."

வெள்ளைத் தூள் கொட்டியது. விரிசல் இல்லை.

"இப்ப ஹாமரைப் போடு."

செங்கல் பக்கம் சிவப்புத் தூள் வந்ததும் அப்பா தலையாட்டினார். டைல்ஸ், பூச்சு இரண்டையும் தாண்டி செங்கல்லுக்குள் ஸ்க்ரூ போனால்தான் பிடிப்பு. போன தடவை நான் போட்டது பூச்சோடு நின்றுவிட்டது. ஓட்டைக்குள்ளிருக்கும் தூளை முழுசாக வெளியேற்ற வேண்டும், தூளோடு பிளக்கைப் போட்டால் மண்ணில் ஆணி அடித்த மாதிரி என்றார். பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் பம்பை வாங்கி ஊதினேன். பாதி என் முகத்துக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னதை அப்போதுதான் மதித்தேன்.

பில்லர் பக்கம் வாடகை ரோட்டரி ஹாமரைத் தூக்கினேன். போன வாரம் இரண்டு பேட்டரியும் ஒரு மணி நேரமும் தின்ற இடத்தில், அது வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது. மூன்றாவது ஓட்டையில் மட்டும் 'ணங்' என்று சத்தம் மாறியது.

"விடு!" என்று அதட்டினார் அப்பா. எனக்குப் பத்து வயதில் கேட்ட குரல். "அது கம்பி. பில்லர் கம்பியை அறுக்கக் கூடாது. கைப்பிடியை லேசா திருப்பி வேற இடத்துல போடு."

போட்டேன். ஆறு ஸ்க்ரூவும் முடுக்கும்போது என் பழைய '48' மறுபடி உதவிக்கு வந்தது. அதன் கழுத்து வளையத்தைச் சொன்னேனே, அது ஸ்க்ரூவுக்கான கிளட்ச். நம்பர் குறைவாக வைத்தால் கொஞ்சம் இறுகியதுமே நழுவிவிடும், ஸ்க்ரூவின் தலை சிதையாது. நம்பர் ஏற ஏற அதிகமாக முடுக்கும். ஓட்டை போடும்போது நழுவவே கூடாது, பிட் படம் போட்ட இடத்துக்குத் திருப்ப வேண்டும். எனக்கு இதெல்லாம் தெரியாமல் 18-ல் வைத்து டகடகவென்று சுற்றவிட்டிருக்கிறேன். கடைசித் திருகை மட்டும் அப்பா கையாலேயே முடுக்கச் சொன்னார்.

அமெரிக்காவில் இந்த மாதிரிக் கைப்பிடி 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ தாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. நானும் மனைவியும் சேர்ந்து தொங்கினோம். என்னுடையது 82. அவளுடையது தணிக்கை செய்யப்பட்டுவிட்டது. விதியைத் தாண்டிவிட்டோம் என்று மட்டும் சொல்கிறேன். கைப்பிடி அசையவில்லை.

"1971-ல அப்போலோ 15-ல போனவங்க நிலாவுல பேட்டரி டிரில்லால ஓட்டை போட்டாங்க. நெனச்ச ஆழத்துக்குப் போகலை. உள்ளே போன குழாயை வெளியில எடுக்கறதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தாங்களாம்" என்று என் முதல் முயற்சிக்கு நியாயம் கற்பித்தேன்.

"அவங்க நிலாவுக்குப் போனாங்க. நீங்க பாத்ரூமுக்குப் போனீங்க" என்றாள்.

அந்த நேரத்தில்தான் வாசல் கதவு இடிபட்டது. மெஷின் போட்ட சத்தத்தில் கோயிலுக்குப் போன ஹவுஸ் ஓனர் பாதியில் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு மாடி ஏறிய மூச்சிரைப்போடு, கையில் வாடகை ஒப்பந்தம். ஜெராக்ஸ் இல்லை, ஒரிஜினல்!

"என்ன தம்பி நடக்குது இங்கே? கீழே ஃபேனே ஆடுது!"

நான் வாயைத் திறப்பதற்குள் விடுவிடுவென்று பாத்ரூமுக்குள் போய்விட்டார். கைப்பிடியைப் பார்த்தார். பழைய ஓட்டைகளில் அப்பா அடைத்திருந்த வெள்ளை சிமென்ட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவைப் பாதி சாத்திக்கொண்டார். உள்ளே சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில் 'ம்ம்' என்று ஒரு முனகல். மறுபடி 'ம்ம்'. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார்!

வெளியே வந்தபோது ஒப்பந்தம் நாலாக மடிந்து சட்டைப்பையில் இருந்தது.

"போன மாசம் நானும் விழுந்தேன்" என்றார், என்னிடம் இல்லை, அப்பாவிடம். "வீட்ல சொல்லலை. சொன்னா தனியா குளிக்கவே விட மாட்டா."

"கால் நகர்ந்துச்சா?" என்றார் அப்பா.

"ஆமா. நகர்ந்துச்சு."

வாடகை மெஷினை சாயங்காலம் ஆறு மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். மணி நாலு. அப்பா பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். மெஷின், ஒயர், சைக்கிள் பம்பு சகிதம் பின்னால் நான். கீழ் வீட்டு பாத்ரூம் சுவரை முட்டியால் தட்டினார். 'டொக்.' நகர்ந்து தட்டினார். 'டொக்.'

"செங்கல்தான் சார். சுலபம்."

ஹவுஸ் ஓனருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "இந்த மாதிரி ஒரு மெஷினை நானே வாங்கிடலாம்னு பாக்கறேன். டிசம்பர்ல பையன் அமெரிக்காவிலேர்ந்து வரான். 20 வோல்ட்டாமே, பேட்டரி மெஷின், சார்ஜரோட கொண்டுவரச் சொல்லிடவா?"

"அங்கே லைன் 120 வோல்ட். அந்த சார்ஜரை இங்கே 230-ல சொருகினா புகைதான் வரும்" என்றார் அப்பா, பென்சிலால் சுவரில் குறி போட்டபடி. கை நடுங்கியதால் குறியை இரண்டு தடவை போட்டார். அப்புறம் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அது இருக்கட்டும். வருஷத்துக்கு எத்தனை ஓட்டை சார் போடுவீங்க?"